வாளும் ஒப்பனையும்: வெகுசனப் புனைகதையில் அழகு பேணும் வீரன்

போர்த்தொழில் புரிபவன் தன் அழகைப் பற்றிக் கவலைப்படுவது நகைப்புக்குரியது என்னும் கருத்து மிகப் பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோம நாடகாசிரியர் பிளாட்டஸ் படைத்த பிர்கோபோலினிசெஸ் என்னும் படைத்தலைவன், தன் கேடயம் கதிரவனினும் மிகுதியாக ஒளிர வேண்டும் என்று ஆணையிட்டபடியே மேடையேறுகிறான். பெண்கள் அனைவரும் தன்மேல் மயங்கிக் கிடப்பதாக நம்புகிறான். அந்நம்பிக்கையைக் கொண்டே அவனை ஏமாற்றி, அடித்து அவமதிக்கின்றனர். அவன் போரிடுவதை நாடகம் ஓரிடத்தும் காட்டுவதில்லை.

இதற்கு மாறான சான்று இதனினும் பழமையானது. கி.மு. 480இல் தெர்மோபிலேக் கணவாயில் ஸ்பார்ட்டா வீரர்கள் தலைவாரிக்கொண்டிருந்ததை ஒற்றன் வழி அறிந்த பாரசீக மன்னன் செர்க்சஸ் அதனை வேடிக்கை எனக் கருதினான் என்று ஹெரடோட்டஸ் எழுதுகிறார். உயிரைப் பணயம் வைக்கும் வேளையில் கூந்தலைச் சீர்செய்வது அவர்கள் வழக்கம் என்று, நாடிழந்து அவனிடம் தங்கியிருந்த ஸ்பார்ட்டா மன்னன் டெமராட்டஸ் விளக்க வேண்டியிருந்தது. செர்க்சஸ் அப்போதும் நம்பவில்லை.

பிற்கால வெகுசனக் கதைகளில் வரும் அழகு பேணும் வீரர்களை எல்லாம் பிளாட்டசின் வழித்தோன்றல்களாக ஒரே வரிசையில் நிறுத்துவது எளிது. ஆனால் 1844இல் 'லே சியேக்ல்' நாளிதழில் தொடராக வெளிவந்த அலெக்சாந்தர் டூமாவின் 'மூன்று மஸ்கட்டியர்கள்' அவ்வரிசையில் அடங்குவதில்லை. அதில் ஆரமிஸ், நரம்பு புடைத்துவிடும் என்றஞ்சிக் கைகளைத் தாழவிடுவதில்லை. செவிநுனிகள் இளஞ்சிவப்பாக இருக்க அவற்றை அவ்வப்போது கிள்ளிக்கொள்கிறான். போர்த்தோசோ பொன் வேலைப்பாடு மிக்க தோள்வாரில் வாளைத் தொங்கவிட்டு, சளி பிடித்திருப்பதாகச் சொல்லிச் செந்நிற வெல்வெட் மேலங்கியைப் போர்த்தியிருக்கிறான். ஓடிவந்து மோதிய தார்த்தன்யான் அம்மேலங்கிக்குள் சிக்கும்போதுதான் உண்மை தெரிகிறது: தோள்வாரின் முன்பக்கம் மட்டுமே பொன், பின்பக்கம் வெறும் எருமைத்தோல். இருவருமே கோழைகள் அல்லர். வாளெடுத்தால் பின்வாங்காதவர்கள். எனவே இங்கு நகைப்பின் இலக்கு வீரம் அன்று, பணமின்மை.

இந்நிகழ்ச்சி டூமாவின் கற்பனையன்று. கூர்த்தில் த சாந்த்ரா 1700இல் வெளியிட்ட, தார்த்தன்யானின் நினைவுக்குறிப்பு என்று பெயரிடப்பட்ட நூலில் அரைப்பொன் தோள்வாருக்கு உரியவன் பெஸ்மோ என்னும் மற்றொருவன். அவமானத்தைப் போர்த்தோசுக்கு மாற்றிய டூமா, பெஸ்மோவைப் பின்வந்த தொடரொன்றில் பஸ்தீல் சிறையின் ஆளுநராக ஆக்கினார். வரலாற்றிலும் அவர் அப்பதவியை வகித்தவரே.

நாவலின் நடுப்பகுதி இப்பொருளாதாரத்தை வெளிப்படையாகவே பேசுகிறது. லா ரோஷல் முற்றுகைக்குப் புறப்படுமுன் குதிரை, சேணம், ஆடை அனைத்தையும் வீரர் தம் செலவிலேயே தேடவேண்டும். போர்த்தோஸ் அதற்காக ஒரு வழக்கறிஞரின் மனைவியை நாடுகிறான். அவனது கம்பீரத் தோற்றமே அவன் கையிலுள்ள முதல். தோற்றம் இல்லையேல் கடனும் இல்லை, குதிரையும் இல்லை. கதைக்காலத்துக்குச் சற்றுப்பின், 1633இல், பொன், வெள்ளி வேலைப்பாட்டுடைய ஆடைகளைக் கட்டுப்படுத்தும் அரசாணை பிரான்சில் பிறந்தது. அதற்குப் பணிந்து அலங்காரத்தைக் களையும் அரசவையாளனை ஆப்ரகாம் போஸ் செதுக்கோவியமாக்கினார். ஒப்பனை தனிமனிதக் குறைபாடாக மட்டும் அன்று கருதப்படவில்லை. அரசு தலையிடும் பொருளாகவும் இருந்தது.

டூமாவின் வாசகர்களோ கறுப்பு மேற்சட்டைக் காலத்தவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்கள் பகட்டுடையைத் துறந்ததை ஜே. சி. ஃப்ளூகல் 1930இல் 'மாபெரும் ஆண் துறவு' என்று பெயரிட்டார். துறந்தவர்கள் துறவாதவர்களைப் படித்து மகிழ்ந்தனர் எனலாம். அம்மகிழ்ச்சியில் ஏக்கமும் கலந்திருந்ததால்தான் ஆரமிஸ் கேலிப்பொருளாகக் குறுகவில்லை; தொடரின் இறுதியில் நால்வருள் உயிரோடு எஞ்சுபவன் அவன் ஒருவனே.

20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இத்துறவு முற்றிலும் இயல்பாகிவிட்டது. ஆகவே அழகு பேணுதல் வீரனுக்கு ஆகாத குணம் என்ற எண்ணமே கதையின் கருவியாயிற்று. ஆர்க்சி சீமாட்டியின் 'ஸ்கார்லெட் பிம்பர்னல்' (1905) நாவலில் பெர்சி பிளேக்னி கழுத்துத்துணி கட்டும் நேரத்தில் கவிதை புனையும் பகட்டன். ஜான்ஸ்டன் மெக்கலியின் சோரோ (1919) பகலில் களைப்பைக் காரணம் காட்டும் செல்வச் சீமான். இருவரையும் தொடக்கத்தில் எவரும் ஐயுறுவதில்லை. செர்க்சசின் தவற்றையே இவர்களின் பகைவரும் செய்கின்றனர்.

1991இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்னும் விளையாட்டில் இவ்வகைமாந்தன் வில்லனாகிறான். ஜப்பானில் பல்ராக் என்றும் வெளிநாடுகளில் வேகா என்றும் அழைக்கப்படும் அந்த ஸ்பானிய வீரன், முகத்தில் வடு விழாதிருக்க முகமூடி அணிந்து, கையில் இரும்பு நகங்களோடு போரிடுகிறான். பணமின்மையை மறைத்தது போர்த்தோசின் மேலங்கி. இவனது முகமூடிக்குப் பின்னோ மறைக்க ஏதுமில்லை, காக்கவே உண்டு.