பத்தொன்பது ஆண்டு பிந்திய கையெழுத்து

திருகோணமலையில் சீனக்குடாப் பக்கம் காட்டுக்குள் வரிசையாக நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள் 99. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீட்டர் கொள்ளும். அவை நிற்கும் காணி 800 ஏக்கருக்கு மேல். காலடியிலேயே உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. ஆனால் இந்தக் குதங்களுக்கு ஆண்டுக்காண்டு வாடகை கட்டிவந்த நிறுவனத்திடம் ஏறத்தாழ 19 ஆண்டுகள் முறையான குத்தகைப் பத்திரம் இருக்கவில்லை.

குதங்கள் பிறந்தது பிரித்தானியக் கடற்படையின் தேவைக்காக. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், கிழக்குக் கடல்களில் ஓடும் போர்க்கப்பல்களுக்கு எரிபொருள் சேமிக்கக் கட்டப்பட்டவை இவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, ஒரு விமானம் 91ஆம் இலக்கத் தாங்கியில் மோதியது. தீ நாட்கணக்கில் எரிந்தது. உருகி வளைந்த அதன் இரும்பை நெடுங்காலம் யாரும் அகற்றவில்லை.

1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தாங்கிகளும் வந்தன. ஆனால் சின்ன நாட்டுக்கு இவ்வளவு பெரிய களஞ்சியம் தேவைப்படவில்லை. மேற்பகுதித் தாங்கிகளைக் காடு மூடியது.

பயன்படாத சொத்தின் மீதும் அயலாருக்குக் கண் இருந்தது. இந்தத் துறைமுகத்தில் இன்னொரு வல்லரசு கால்வைப்பதை இந்தியா விரும்பவில்லை. 1987 யூலை 29ஆம் திகதி இலங்கை இந்திய உடன்படிக்கையுடன் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டனர். குதங்களைச் சீரமைத்து நடத்துவதை இரு நாடுகளும் கூட்டாகச் செய்யும் என்று அவற்றில் எழுதப்பட்டது. கடிதம் இருந்தது, காரியம் நடக்கவில்லை. உள்நாட்டுப் போர்தான் நடந்தது.

சமாதானப் பேச்சுக் காலத்தில் கதை மீண்டும் நகர்ந்தது. 2003 பெப்ரவரி 7ஆம் திகதி இலங்கை அரசு, பெற்றோலியக் கூட்டுத்தாபனம், இந்திய அரசின் எண்ணெய் நிறுவனத்துக்குச் சொந்தமான லங்கா ஐஓசி ஆகிய மூன்று தரப்பும் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டன. 35 ஆண்டுக் குத்தகை, ஆண்டு வாடகை ஒரு இலட்சம் அமெரிக்க டொலர். குத்தகைப் பத்திரத்தை ஆறு மாதத்துக்குள் எழுதி முடிப்பதாக ஏற்பாடு. அந்த ஆறு மாதம் கழிந்தது, ஆண்டுகளும் கழிந்தன. நிறுவனம் கீழ்ப்பகுதித் தாங்கிகளைத் திருத்திப் பாவித்தது, வாடகையும் கட்டியது. பத்திரம் மட்டும் எழுதப்படவில்லை.

இது வெறும் எழுத்து வேலைத் தாமதம் அல்ல. காணிக்கு விலை பேசுவது ஒன்று, காணியில் உரிமை பெறுவது வேறொன்று. தனியார் காணி என்றால், 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசின் முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதாத விற்பனைக்கோ, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கோ சட்டவலு இல்லை. அரச காணிக்கு அரச காணிகள் கட்டளைச் சட்டப்படி குத்தகை வழங்கப்பட வேண்டும். நெடுநாள் இருந்துவிட்டோம் என்ற வாதமும் உதவாது. தனியார் காணியில் உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டு இடையறாது ஆட்சி செய்தவர் உரிமை கோரலாம். அரசுக்கு எதிராக அந்தக் கணக்கு ஓடாது. ஆகவே குத்தகையே கைச்சாத்தாகவில்லை, பிறகென்ன உரிமை என்ற கேள்வி கொழும்பில் திரும்பத் திரும்ப எழுந்தது. 2017இல் புதிய கூட்டு முயற்சி பற்றிப் பேச்சு வந்தபோது பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின.

முடிச்சு அவிழ்ந்தது 2022 சனவரி 6ஆம் திகதி. 99 தாங்கிகளும் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. 14 லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இருவரும் சேர்ந்த புதிய கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49 வீதம். குத்தகைக் காலம் 50 ஆண்டு. இம்முறை காணி ஆணையாளர் நாயகமும் ஒப்பமிட்டார். 2003இல் இல்லாத பத்திரம் அன்றுதான் வந்தது. அப்போதும் காணி கைமாறவில்லை, அது அரசின் சொத்தாகவே இருக்கிறது. மாறியது பாவிக்கும் உரிமை மட்டுமே.

கொட்டியாரக்குடாவின் மறுகரையில் இதற்கு நேர்மாறான கதை நடந்தது. 2006 ஏப்ரலில் சம்பூர் மக்கள் குண்டுவீச்சில் இடம்பெயர்ந்தனர். அவர்கள் முகாம்களில் இருக்கையிலேயே 818 ஏக்கர் காணி 2012இல் பாரிய கைத்தொழில் வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டு, ஒரு தனியார் கம்பனியிடம் போனது. கம்பனியின் கையில் பத்திரம் இருந்தது. ஆனால் அதே மண்ணுக்கு ஊர்க்காரரிடம் பழைய உறுதிகளும் உத்தரவுப்பத்திரங்களும் இருந்தன. 2015 மே மாதம் ஜனாதிபதி அந்த வர்த்தமானியை இரத்துச் செய்தார். அதே ஆண்டில் மக்கள் திரும்பத் தொடங்கினர்.

சீனக்குடாவில் ஆட்சி இருந்தது, பத்திரம் இல்லை. சம்பூரில் பத்திரம் இருந்தது, அதன் அடியில் வேறொருவரின் உரிமை இருந்தது. இன்று நிலாவெளியிலும் குச்சவெளியிலும் கடற்கரைக் காணி தேடி வருபவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விற்பவரின் கையில் இருப்பது உறுதியா, அரச உத்தரவுப்பத்திரமா என்று முதலில் பாருங்கள். உத்தரவுப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுக்காவது பின்னோக்கித் தேடுங்கள். பதியாமல் பெட்டிக்குள் வைத்த உறுதி, பிறகு பணம் கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவரின் உறுதியிடம் தோற்றுப்போகலாம். போர்க்காலத்தில் உரிமையாளர் எங்கே இருந்தார், யார் பயிர் செய்தார் என்று அயலில் விசாரியுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் பெயரில் எழுதுவதானால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தைச் சட்டத்தரணியிடம் கேட்டறியுங்கள்.

“காசைத் தாங்கோ, எழுத்தைப் பிறகு பாப்பம்” என்று தரகர் சொன்னால், காசைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். லங்கா ஐஓசியின் பின்னால் ஓர் அரசு நின்றது. அதனால் 19 ஆண்டு காத்திருக்க முடிந்தது. சேமிப்பைப் போட்டுக் காணி வாங்குபவருக்குப் பின்னால் நிற்பது அவர் கையிலுள்ள பத்திரம் மட்டுந்தான்.