பொது இடங்களில் பாலூட்டல்: தமிழ்நாட்டு வரலாறும் ஜவ்வாது மலை வழக்கமும்

பொது இடத்தில் பாலூட்டல் என்பது, தாய் தன் குழந்தைக்கு வீட்டுக்கு வெளியே, பிறர் காணக்கூடிய இடத்தில் தாய்ப்பால் கொடுப்பதைக் குறிக்கும். வயல் வரப்பு, சந்தை, கோயில் மண்டபம், பேருந்து, மருத்துவமனை வரிசை என இதற்கு இடவரையறை கிடையாது. பசிக்கும் குழந்தை இடம் பார்த்து அழுவதில்லை. இந்தியாவில் இதைத் தடை செய்யும் சட்டம் எதுவும் இல்லை. தடை இருப்பதெல்லாம் பார்வையில்தான். "இது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது" என்று இன்று சிலர் கூறுவதைக் கேட்கிறோம். அந்தக் கூற்று தமிழ் வரலாற்றோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பார்ப்பது பயனுடையது.

இலக்கியத்திலும் கோயிலிலும்

புறநானூற்றின் 278ஆம் பாடல் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் போரில் புறமுதுகிட்டான் என்று சிலர் சொல்லக் கேட்ட முதியவள், அது உண்மையானால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறி, வாளுடன் போர்க்களம் செல்கிறாள். அங்கே மகன் விழுப்புண்பட்டுச் சிதைந்து கிடப்பதைக் கண்டு, அவனைப் பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்கிறாள். ஊரார் நடுவே உரக்கச் சொல்லப்படும் அவளது வஞ்சினத்தில் கூச்சத்தின் நிழல்கூட இல்லை. பால் கொடுத்த மார்பு அங்கே குடியின் மானத்துக்குச் சாட்சியாக நிற்கிறது.

பெரியாழ்வார் திருமொழியில் கண்ணனைப் பாலுண்ண அழைப்பதற்கென்றே ஒரு பதிகம் உண்டு. பாடியவர் ஆண், பாடப்படும் இடம் கோயில். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தர் மூன்று வயதில் சீர்காழிக் குளக்கரையில் அழுதபோது உமையம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டினாள் என்பது சைவ மரபு. அந்நிகழ்வு இன்றும் சீர்காழிக் கோயிலில் சித்திரை மாதத்தில் திருமுலைப்பால் விழா என்ற பெயரில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. விழா அழைப்பிதழில் அச்சேறும் அந்தச் சொல்லை அதே ஊரில் ஒரு வகுப்பறையில் உச்சரித்தால் பின்வரிசையில் சிரிப்பு எழும். தமிழ் ஆசிரியர்கள் அனைவரும் அறிந்த சங்கடம் இது.

சொல்லின் வரலாறே மனப்பாங்கின் வரலாறாகவும் இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் விலங்கியலில் "முலையூட்டிகள்" என்று எழுதுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களோ "பாலூட்டிகள்" என்று எழுதுகின்றன. பொருள் ஒன்றே. ஒரு கரையில் உறுப்பின் பெயர் நின்றது, மறு கரையில் நழுவியது.

ரவிக்கையும் மானமும்

தமிழகத்தின் பல சமூகங்களில் பெண்கள் அன்றாடம் ரவிக்கை அணியும் வழக்கம் பரவலானது 19, 20ஆம் நூற்றாண்டுகளில்தான். அதற்கு முன் சேலைத் தலைப்பே மேலாடை. பால் கொடுக்க அதைச் சற்று விலக்கினால் போதும்; கொக்கி, பொத்தான் என்ற தொல்லை இல்லை. எங்கள் தலைமுறையில் பிறந்தவர்கள் ரவிக்கை அணியாத பாட்டிகளை எல்லாக் கிராமங்களிலும் பார்த்திருக்கிறோம். அவர்களை யாரும் நாணமற்றவர்கள் என்று சொன்னதில்லை.

ஆனால் இதை வைத்து "மூடுவதெல்லாம் வெள்ளைக்காரன் கொடுத்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினர். தோள்சீலைப் போராட்டம் எனப்படும் அது, 1859 சூலை 26 அன்று வெளியான அரச அறிவிப்பில்தான் ஓரளவு முடிவுக்கு வந்தது. மறைக்கக் கூடாது என்று சாதி கட்டளையிட்ட இடத்தில் மறைப்பது விடுதலை. அதே மறைப்பு, பசித்த குழந்தையைக் காத்திருக்க வைக்கும் கட்டளையாக மாறும்போது பொருள் வேறாகிவிடுகிறது. இரண்டு நிலையிலும் முடிவு செய்தவர்கள் பிறர். அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. பழைய தாய்மார்கள் பால் கொடுக்கும்போது முந்தானையால் குழந்தையை மூடியதற்கு நாணம் மட்டுமே காரணம் அன்று. பால் குடிக்கும் பிள்ளை மீது கண்ணேறு படக்கூடாது, கண்பட்டால் பால் வற்றிப்போகும் என்ற நம்பிக்கையும் காரணம். அன்று அவர்கள் அஞ்சியது பொறாமைக் கண்ணுக்கு. இன்றைய தாய் அஞ்சுவது காமக் கண்ணுக்கும் கைபேசிக் கேமராவுக்கும்.

ஜவ்வாது மலையில்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் ஜவ்வாது மலையின் பெரும்பான்மைக் குடிகள் மலையாளி என்னும் பட்டியல் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தவர் என்று நினைத்தல் வேண்டா. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களது வாய்மொழி மரபு.

சாமை விதைப்பு, களையெடுப்பு, புளி உலுக்கல், விறகு, தேன் என்று மலைப் பெண்களின் வேலை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான். கைக்குழந்தை துணியில் கட்டப்பட்டுத் தாயுடனேயே போகும்; அல்லது கொல்லை ஓரத்து மரத்தில் ஏணை கட்டிப் படுக்க வைக்கப்படும். இத்தகைய வாழ்வில் "வெளியே பால் கொடுப்பது" என்று தனியாக ஒன்று இல்லை, பால் கொடுப்பது மட்டுமே உண்டு. நான் மலையில் பணியாற்றிய ஆண்டுகளில், பெற்றோர் கூட்டத்துக்கு வந்த தாய்மார்கள் மடியில் இளையதற்குப் பால் கொடுத்தபடியே மூத்ததன் படிப்பைப் பற்றி விசாரிப்பார்கள். ஊர் நாட்டாரும் அருகில் அமர்ந்திருப்பார். யாரும் எழுந்து போனதில்லை, யாரும் உற்றுப் பார்த்ததும் இல்லை.

அதே தாய் ஜமுனாமரத்தூரில் பேருந்து ஏறிப் போளூரிலோ திருப்பத்தூரிலோ இறங்கியதும் வேறு ஆளாகிவிடுவதைக் கண்டிருக்கிறேன். சுவர்ப்பக்கம் திரும்பி உட்காருவார். இல்லையென்றால் அழும் குழந்தையைத் தோளில் தட்டியபடி அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பார். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்ற பழமொழி மலையடிவாரத்தோடு நின்றுவிடும். மேல் சிகிச்சைக்காகத் திருவண்ணாமலைக்கோ வேலூரை அடுத்த அடுக்கம்பாறைக்கோ போக வேண்டியவர்களுக்கு இது ஒரு நாள் முழுதும் நீளும் தொல்லை. சமவெளியின் நாகரிகம் மலைக்கு எத்தனையோ நன்மைகளைக் கொண்டுவந்தது. இந்த ஒன்றை அது கொண்டுவந்திருக்க வேண்டியதில்லை.

டப்பாப் பாலின் காலம்

மனப்பாங்கு மாறியதில் பால்மாவு வணிகத்துக்கும் பங்குண்டு. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பாலுக்கு மாற்றாக டப்பாப் பாலைத் தள்ளிவிடுவது கொலைக்கு ஒப்பானது என்று 1939இலேயே மேடையில் பேசினார். ஆயினும் கொழுகொழு குழந்தையின் படம் போட்ட விளம்பரங்கள் வென்றன. "அமுல் பேபி" என்பது தமிழில் பாராட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. புட்டிப்பால் வசதியின் அடையாளமாகவும், வெளியில் மார்பு கொடுப்பது ஏழ்மையின் அடையாளமாகவும் பார்க்கப்பட்டன. நகரத்துத் தாய் பயணத்துக்குப் புட்டியுடன் கிளம்பியது இவ்வாறுதான்.

உலக நலவாழ்வு அமைப்பு 1981இல் தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனைக்கான பன்னாட்டு நெறிமுறையை ஏற்றது. இந்தியா 1992இல் தனிச் சட்டம் இயற்றி, 2003இல் அதைக் கடுமையாக்கியது. குழந்தைப் பால்மாவு விளம்பரங்கள் மறைந்தது அந்தச் சட்டத்தால்தான். மலேசியாவின் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு ஒன்றின் முயற்சியால் 1992 முதல் ஆகஸ்டு முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடப்படுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் நாட்டளவில் 63.7 விழுக்காடு. மகப்பேற்று மருத்துவத்தில் முன்னணியில் நிற்கும் தமிழ்நாடு இதில் அந்தச் சராசரிக்கும் கீழே இருக்கிறது. காரணங்கள் பல. வீட்டைவிட்டு வெளியே வந்தால் பால் கொடுக்க இடமில்லை என்பது அவற்றில் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

பாலூட்டும் அறைகள்

2015ஆம் ஆண்டு தாய்ப்பால் வாரத்தில், ஆகஸ்டு 3 அன்று, அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்துவைத்தார். மாநிலம் முழுவதும் 352 இடங்களில் அவை அமைந்தன. அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகளும் அப்போது தொடங்கப்பட்டன. (ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் உருவானது.) பேருந்து நிலையத்தின் நடுவே "பாலூட்டும் அறை" என்று பெரிய எழுத்தில் அரசே எழுதிவைத்தது சிறிய செயல் அன்று. பேசக் கூசிய ஒன்று பலகையில் ஏறியது.

நடைமுறையில் பல அறைகள் பூட்டிக் கிடப்பதாகவும், சாவி யாரிடம் என்று தெரியாமல் தாய்மார்கள் திரும்புவதாகவும், மின்விசிறி ஓடாததாகவும் செய்தித்தாள்கள் பலமுறை எழுதியுள்ளன. அறை என்ற ஏற்பாட்டின் மீதே ஒரு விமர்சனமும் உண்டு. அறை இருக்கிறதே, பின் ஏன் வெளியே கொடுக்கிறாய் என்ற கேள்விக்கு அது இடம் கொடுத்துவிடும் என்பதே அது. விமர்சனம் சரியானதுதான். ஆயினும் ஒன்பது மணி வெயிலில் கைக்குழந்தையுடன் நிற்பவருக்கு முதலில் வேண்டியது நிழலும் ஒரு நாற்காலியும். அறையைத் திறந்து வைத்துவிட்டு விவாதத்தைத் தொடரலாம்.

2018 மார்ச்சில் மலையாள இதழான கிருகலட்சுமி, பாலூட்டும் பெண்ணின் படத்தை அட்டையில் வெளியிட்டது. படத்தில் இருந்தவர் அக்குழந்தையின் தாய் அல்லர் என்பதும் விளம்பர நோக்கும் குறை கூறப்பட்டன. ஆபாசம் என்று தொடுக்கப்பட்ட வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆபாசம் காண்பவர் கண்ணில் இருக்கிறது என்ற கருத்தே அத்தீர்ப்பில் மேலோங்கி நின்றது.

உச்ச நீதிமன்றத்தில்

2025 பிப்ரவரி 19 அன்று, நீதிபதிகள் பி. வி. நாகரத்னா, பிரசன்னா பி. வராலே அமர்வு, பொது இடங்களில் பாலூட்டும் வசதி கோரிய வழக்கில் தீர்ப்பளித்தது. பாலூட்டல் தாயின் உரிமை மட்டுமன்று, குழந்தையின் வாழ்வுரிமையோடு இணைந்தது என்று நீதிமன்றம் கூறியது. பொது இடத்திலும் பணியிடத்திலும் அதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்றும், பெண்களின் மாண்பைக் குலைக்கும் பழக்கங்களைக் கைவிடுவது அரசமைப்பின் 51-அ பிரிவு சொல்லும் குடிமக்கள் கடமை என்றும் நினைவூட்டியது. இருக்கும் பொதுக் கட்டடங்களில் இயன்றவரை வசதி செய்யவும், திட்டமிடும் நிலையில் உள்ளவற்றில் போதிய இடம் ஒதுக்கவும் மாநிலங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே வழிகாட்டுதல்.

"இயன்றவரை" என்ற சொல்லுக்குள் எத்தனை பேருந்து நிலையங்கள் அடங்கும் என்பது அந்தந்த ஊராட்சி, நகராட்சி மன்றங்களின் கையில் இருக்கிறது. மலைப்பேருந்துகளில் மட்டும் பழைய வழக்கம் இன்னும் முற்றிலும் போகவில்லை. கைக்குழந்தையுடன் ஏறும் பெண்ணுக்குச் சன்னலோர இருக்கை கிடைக்கிறது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் முன்பே குழந்தை பால் குடிக்கத் தொடங்கிவிடுகிறது. நடத்துநர் அந்த வரிசைக்கு மட்டும் கடைசியாக வந்து பயணச்சீட்டுக் கொடுக்கிறார்.