கசப்பு ஒவ்வா நாவும் பியர் வகைகளும்

1. பொருளும் வரையறையும்

கசப்பு பிடிக்காது, ஆகவே பியர் பிடிக்காது என்போர் பலர். இக்கூற்றின் முன்பாதி ஒரு சுவையைப் பற்றியது. பின்பாதி ஒரு பானக் குலத்தையே தள்ளிவிடுகிறது. முன்னதிலிருந்து பின்னது பெறப்படுவதில்லை என்று காட்டுவதும், கசப்பை விரும்பாதார் எந்த வகைகளை எந்த வரிசையில் நாடலாம் என்று வகுப்பதும் இக்கட்டுரையின் நோக்கம். குடிக்கத் தொடங்குமாறு யாரையும் இது தூண்டவில்லை. ஏற்கெனவே குடிப்பவர் தமக்கு ஒத்ததைத் தேர்ந்துகொள்ள உதவுவதோடு இதன் எல்லை முடிகிறது.

முதலில் சொற்களை வரையறுப்போம். தானியத்தை நனைத்து முளைகட்டி உலர்த்தியது மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்து வடித்தது மால்ட் சாறு. அச்சாற்றை ஈஸ்ட் கொண்டு நொதிக்கவைத்தால் பியர் ஆகும். கசப்பூட்டும் கொடிப்பூவான ஹாப்ஸ் இவ்வரையறைக்குள் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபின்லாந்தின் சாஹ்தி இன்றும் ஜூனிப்பர் கிளைகளின் மணத்தோடு, ஹாப்ஸ் மிகக் குறைவாகவோ அறவே இன்றியோ காய்ச்சப்படுகிறது. ஹாப்ஸ் பரவுமுன் ஐரோப்பாவின் பல பகுதிகளில் க்ரூட் என்னும் மூலிகைக் கலவையே பியருக்குச் சுவையூட்டியது.

ஒரு லிட்டர் பியரில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா அமிலம் கரைந்திருப்பது 1 கசப்பலகு. கசப்பலகைச் சாற்றின் தொடக்க அடர்த்திப் புள்ளிகளால் வகுத்தால் கிடைப்பது கசப்பு விகிதம். இக்கணக்கை ரே டேனியல்ஸ் 1996-இல் வெளிவந்த தம் நூலில் காய்ச்சுவோரிடையே பரவச் செய்தார். குடிப்பவர் நாவில் முடிவாகத் தோன்றும் கசப்பை உணர்கசப்பு என்போம். ஆய்வகம் அளப்பது கசப்பலகை. நாம் விரும்புவதும் வெறுப்பதும் உணர்கசப்பை. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதே இனி வரும் வாதம் முழுவதற்கும் அடிப்படை.

2. கசப்பின் காரணங்கள்

பியரில் கசப்பு என்று பொதுவாகக் குறை கூறப்படுவது மூன்று வேறு பொருள்களால் விளைவது.

முதற்காரணம் ஹாப்ஸ். அக்கொடியின் பெண்பூங்கதிரைப் பிளந்தால் இதழ்களின் அடியில் பிசுபிசுப்பான மஞ்சள் தூள் தெரியும். லுபுலின் எனப்படும் அத்தூளில் ஆல்ஃபா அமிலங்கள் உள்ளன. அவை நேரே நீரில் நன்கு கரைவதில்லை. கொதிக்கும் சாற்றில் கிடக்கும்போது மூலக்கூறின் அணுக்கள் கூடாமலும் குறையாமலும் அடுக்கு மட்டும் மாறி ஐசோ ஆல்ஃபா அமிலங்களாகின்றன. இம்மாற்றத்தை வேதியியலார் மாற்றியமாதல் என்பர். அது நடக்கக் கொதியும் நேரமும் தேவை. ஒரு மணி நேரம் கொதித்த ஹாப்ஸ் மிகுந்த கசப்பைத் தரும். அடுப்பை அணைத்தபின் இட்டது பெரும்பாலும் மணத்தையே தரும். கசப்பின் அளவு ஹாப்ஸின் எடையைவிட அதை இட்ட வேளையைச் சார்ந்தது என்னும் இவ்வுண்மை 4.4-ஆம் பகுதியில் பயன்படும்.

இரண்டாவது, கருக வறுத்த மால்ட். 1817-இல் டேனியல் வீலர் சுழல் உருளை வறுப்பானுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றபின், கறுப்பு மால்ட் போர்ட்டர், ஸ்டவுட் வகைகளின் அடையாளமாயிற்று. இதன் கசப்பு கடுங்காப்பியின் கசப்பை ஒத்தது. ஐசோ ஆல்ஃபா அமிலத்தோடு இதற்குத் தொடர்பில்லை.

மூன்றாவது கசப்பே அன்று, துவர்ப்பு. வாற்கோதுமை உமியை அளவு மீறிய சூட்டிலோ, மிகைநீர் விட்டோ அலசினால் டானின் இறங்கி நாவை வறளச் செய்யும். பலர் இதையும் கசப்பென்றே சொல்கின்றனர். காப்பியை விரும்பி, ஹாப்ஸ் கசப்பு மிகுந்த பில்ஸ்னரை வெறுப்பவருக்கு ஒவ்வாதது முதற்காரணமே. ஸ்டவுட் அவருக்குத் தடையாக இராது. ஆகவே தாம் வெறுப்பது இம்மூன்றில் எது என்று அறிதல் தேர்வின் முதற்படி.

உடற்கூறும் ஒரு காரணம். கசப்பை உணரும் ஏற்பிகள் மனிதரிடம் ஏறத்தாழ 25 வகை. அவற்றுள் மூன்று ஹாப்ஸின் கசப்புப் பொருள்களால் தூண்டப்படுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஒரே பொருள் ஒருவருக்குக் கடுங்கசப்பாகவும் மற்றொருவருக்குச் சுவையற்றதாகவும் இருக்கக்கூடும் என்பதை ஆர்தர் ஃபாக்ஸ் 1931-இலேயே பி.டி.சி. என்னும் வேதிப்பொருளைக் கொண்டு எடுத்துக்காட்டினார். எனவே, கசப்பை வெறுப்பவரிடம் ‘நாக்கு இன்னும் பழகவில்லை’ என்று ஹாப்ஸ் அன்பர்கள் இரங்கிச் சொல்வது அறிவுரை ஆகாது. பழக்கம் சிலருக்குக் கைகொடுக்கும். எல்லாருக்கும் கொடுக்கும் என்பதற்கில்லை.

3. தணிப்பின் வகைகள்

உணர்கசப்பைத் தணிக்கும் வழிகள் இரண்டு: குறைத்தல், மறைத்தல். ஹாப்ஸையே மட்டாக இடுவது குறைத்தல். பிற சுவைகளால் கசப்பை அடக்குவது மறைத்தல். பாகற்காய்க் குழம்பில் புளியும் உப்பும் வெல்லமும் சேர்ப்பவருக்கு இரண்டாவதை விளக்க வேண்டியதில்லை. பியரிலும் இம்மூன்றும் உண்டு: நொதிக்காமல் எஞ்சிய இனிப்பு, பாக்டீரியா தரும் புளிப்பு, அரிதாக உப்பு.

குறைத்தலை மட்டும் நம்பியவர்கள் ஏமாறுவதுண்டு. அமெரிக்க லைட் லாகரின் கசப்பலகு 8 முதல் 12 வரைதான். ஆனால் அதில் கசப்பை மூட இனிப்போ மணமோ இல்லாததால் உள்ள சிறு கசப்பும் தனித்து நிற்கும். கசப்பு பிடிக்காதவருக்கு லைட் பியரை நீட்டுவது வழக்கமாகிவிட்டது. அது கசப்பை மட்டுமன்றிச் சுவையையும் குறைத்த பானம் என்பது எம் கருத்து.

4. வகைகள்

இங்குத் தரும் கசப்பலகுகள் அமெரிக்காவின் பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் வகைநெறியைத் தழுவியவை.

4.1 கோதுமை பியர். பவேரியாவின் வைஸ்பியரில் கோதுமை மால்ட் பாதிக்குக் குறையாமல் இருக்கும். கசப்பலகு 8 முதல் 15. கோதுமைக்கு உமி இல்லாததால் துவர்ப்பும் குறைவு. இதன் தனிச்சிறப்பு ஈஸ்ட்டில் இருக்கிறது. நொதிக்கும்போது அது ஐசோஅமைல் அசிடேட்டையும் 4-வினைல் குவையகாலையும் உண்டாக்குகிறது. முன்னது வாழைப்பழ மணம். பின்னது கிராம்பு மணம். கசப்பு குறைந்த இடத்தை வெறுமையாக விடாமல் மணம் நிரப்புவது இவ்வகை. பவேரியாவின் 1516-ஆம் ஆண்டுச் சட்டம் வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் மூன்றையே அனுமதித்தது. அதற்கு விலக்காகக் கோதுமை பியர் சலுகை பெற்றவரின் தனியுரிமையாக இருந்து, 1602-இல் விட்டல்ஸ்பாக் மன்னர் குலத்தின் கைக்கு வந்தது. மக்கள் விருப்பம் மாறி அது நலிந்த காலத்தில், 1872-இல் கியோர்க் ஷ்னைடர் அதைக் காய்ச்சும் உரிமையைப் பெற்று உயிர்கொடுத்தார்.

ஊற்றும் முறையும் சுவையின் பகுதியே. உயர்ந்த அரை லிட்டர்க் குவளையைச் சாய்த்துப் பிடித்து மெல்ல ஊற்றி, புட்டியில் இரண்டு விரல் அளவு எஞ்சும்போது நிறுத்த வேண்டும். அடியில் படிந்த ஈஸ்ட் கலங்குமாறு புட்டியைச் சுழற்றி, அந்தக் கலங்கலையும் நுரைமேல் சேர்க்க வேண்டும். படிவை விட்டுவிட்டால் தெளிவு கிடைக்கும். வாயில் மென்மை குறையும்.

பெல்ஜியத்தின் விட்பியர் இதற்கு உறவு. முளைகட்டாத கோதுமை, கொத்தமல்லி விதை, உலர்ந்த ஆரஞ்சுத் தோல் சேர்வது. கசப்பலகு 8 முதல் 20. ஹூகார்டன் ஊரின் கடைசி ஆலை 1950-களில் மூடப்பட்டபின், பால்காரராக இருந்த பியேர் செலிஸ் 1960-களில் இதை மீட்டார்.

4.2 புளிப்பு பியர். ஹாப்ஸுக்குத் தொழில் இரண்டு: கசக்கச் செய்தல், கெடாமல் காத்தல். பிரஸ்ஸல்ஸ் நகரைச் சார்ந்த சென் ஆற்றுப் பகுதியில் லாம்பிக் என்னும் புளிப்பு பியரைக் காய்ச்சுவோர் இவ்விரண்டையும் பிரித்துவிட்டனர். அவர்கள் ஹாப்ஸை ஆண்டுக்கணக்கில் பழையதாக்குகின்றனர். அதன் ஆல்ஃபா அமிலங்கள் சிதைந்துபோகின்றன. கேடு செய்யும் பாக்டீரியாவை அடக்கும் ஆற்றல் ஓரளவு எஞ்சுகிறது. கொதித்த சாறு அகன்ற ஆழமற்ற தொட்டியில் இரவு முழுதும் குளிர, காற்றிலும் ஆலையிலும் வாழும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தாமே வந்து சேர்கின்றன. பின்னர் மரப்பீப்பாயில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை. கசப்பலகு 10-ஐத் தாண்டுவதில்லை. புளிப்புச் செர்ரி ஊறவைத்தது க்ரீக். மரபுவழிக் க்ரீக் இனிப்பற்றது, கடும்புளிப்புடையது. இனிப்பூட்டிய க்ரீக் பழச்சாற்றை நெருங்குவது. புட்டி வாங்குமுன் எது என்று கேட்டறிதல் நன்று.

பெர்லினர் வைஸெயின் கசப்பலகு 3 முதல் 8. பெர்லினில் அகன்ற கிண்ணக் குவளையில் ராஸ்பெர்ரிப் பாகோ, வுட்ரஃப் என்னும் மூலிகையின் பச்சைப் பாகோ கலந்து தருவர். லைப்சிக் நகரின் கோசெ உப்பும் கொத்தமல்லியும் சேர்ந்தது. கசப்பலகு 5 முதல் 12. சோடியம் கசப்புணர்வை அடக்கும் என்பது சுவையியலில் நிறுவப்பட்டது. கோசெயைப் படைத்தவர் அக்கோட்பாட்டை அறிந்திருக்க மாட்டார். சுவை அதை மெய்ப்பிக்கிறது. 1960-களில் இவ்வகை லைப்சிக்கிலேயே அற்றுப்போய், 1980-களில் மீண்டது.

4.3 மால்ட் மிகு பியர். கசப்பு விகிதம் இங்குதான் தன் பயனைக் காட்டுகிறது. செக் நாட்டுப் பில்ஸ்னர் ஒன்றின் கசப்பலகு 40, தொடக்க அடர்த்தி 1.048 எனக் கொள்வோம். 1-க்கு மேற்பட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு புள்ளி; ஆகவே விகிதம் 40/48, அதாவது 0.83. மால்ட் மிகுந்த டாப்பல்பாக் ஒன்றின் கசப்பலகு 20, அடர்த்தி 1.075 எனில் விகிதம் 0.27. கசப்பலகு பாதியாகும்போது விகிதம் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. டாப்பல்பாக்கின் மூலம் மியூனிக் பவுலானர் துறவியரின் சால்வாட்டர். அதைப் பின்பற்றியோர் தம் சரக்குக்கும் ‘-ஆட்டர்’ என முடியும் பெயரையே பெரும்பாலும் சூட்டினர். கடையில் இவ்வகையை இனங்காண அவ்வீறு உதவும்.

மில்க் ஸ்டவுட்டில் லாக்டோஸ் என்னும் பாற்சர்க்கரை சேர்க்கப்படும். பியர் ஈஸ்ட்டால் அதை நொதிக்கவைக்க இயலாததால் இனிப்பு அப்படியே தங்கும். இங்கிலாந்தின் ஹைத் ஊரில் மெக்கிசன் ஆலை 1907-இல் இதைப் புகழ்பெறச் செய்தது. பால் ஒவ்வாதவர் இதை விலக்க வேண்டும். வெப்பமண்டல ஸ்டவுட் என்பது இன்னொரு பிரிவு. நுவரெலியாவில் தொடங்கிய ஆலை மரபில் வந்த இலங்கையின் லயன் ஸ்டவுட் இதற்குத் தக்க சான்று. இப்பிரிவின் கசப்பலகு 30 முதல் 50 வரை. ஏட்டைப் பார்த்தால் கசப்பு பிடிக்காதவர் ஒதுங்கியே போவார். குடித்தால் முன்னிற்பது கருப்பட்டியும் சாக்லேட்டும் நினைவூட்டும் இனிப்பு. கசப்பலகும் உணர்கசப்பும் வேறென்பதற்கு இதைவிட நல்ல சான்று எமக்குத் தெரியவில்லை.

4.4 மணமிகு பியர். அமெரிக்காவின் வெர்மான்ட் பகுதியில் தோன்றிய கலங்கல் ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) வகையில் ஹாப்ஸ் ஏராளம்; ஆனால் பெரும்பகுதி கொதி முடிந்தபின்னோ, குளிர்ந்த பியரிலோ இடப்படுவதால் மாற்றியமாதல் குறைவு. மாம்பழ, ஆரஞ்சு மணம் கிட்டும். எனினும் கசப்பலகு 60 வரை செல்லும். மிகையான ஹாப்ஸ் தொண்டையில் காறலும் தரும். கசப்பை வெறுப்பவருக்கு இது ஐயத்துக்குரிய வகை.

5. தவறான குறிகள்

நிறம் கசப்பைக் காட்டாது. மால்ட் மிகு வகையான கரும்பழுப்பு டுங்கெல் பொன்னிறப் பில்ஸ்னரைவிட மென்மையானது. மதுச்செறிவும் கசப்பைக் காட்டாது. ஆனால் இனிப்பு மதுவின் வீறை மறைக்கும். டாப்பல்பாக் 7 முதல் 10 விழுக்காடு, லயன் ஸ்டவுட் 8 விழுக்காட்டுக்கு மேல். கசக்காததால் விரைந்து இறங்கும் பானங்கள் இவை; அளவை எண்ணியே குடிக்க வேண்டும்.

கடுங்குளிரும் பகை. பனிக்கட்டிக் குளிரில் மால்ட் இனிப்பும் ஈஸ்ட் மணமும் அடங்கிவிட, அவை மறைத்த கசப்பு தனித்து நிற்கும். மால்ட் மிகு வகைகளைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் விட்டே பருக வேண்டும்.

6. வரிசை

ஹாப்ஸ் கசப்பு ஒவ்வாதார் வைஸ்பியரில் தொடங்குக. கிராம்பு மணம் பிடிக்காவிடில் விட்பியருக்கு மாறுக. மணத்தைவிட இனிப்பை நாடுவோர் அடுத்து டுங்கெல், டாப்பல்பாக் வழியே மில்க் ஸ்டவுட்டுக்குச் செல்லலாம். காப்பிக் கசப்பும் ஒவ்வாதவர் டாப்பல்பாக்கோடு நிற்க. புளியை விரும்புவோர் முதலில் கோசெ, பிறகு பாகு கலந்த பெர்லினர் வைஸெ, கடைசியாகவே மரபுவழி லாம்பிக். ஒவ்வொரு வகையையும் இரு வேறு ஆலைகளின் சரக்கில் சுவைத்த பின்னரே தீர்ப்புச் சொல்க. ஓர் ஆலையின் குறை ஒரு வகையின் குறையாகாது. இவ்வரிசை முழுவதும் நடந்தபின்னும் பிடிக்கவில்லையெனில், பிடிக்காதது கசப்பன்று, பியரே. அதை அங்கேயே விட்டுவிடலாம்.