நீரும் பங்கும்: தமிழக உணவு வரலாற்றில் ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஒரு நாட்டின் உணவு நிலையை ஆராயப் புகுவார் இரண்டு வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும். உணவு எதனால் விளைகின்றது, அவ்விளைவு ஆண்டுதோறும் நின்று நிலைக்க எது துணை என்பது முதல் வினா. விளைந்த உணவு யார் யாரை எவ்வளவு சென்று சேர்கின்றது என்பது இரண்டாம் வினா. முன்னது நீரைப் பற்றியது. பின்னது பங்கைப் பற்றியது. இவ்விரண்டையும் தனித்தனியே நோக்குவதே பெருவழக்காக உள்ளது. ஏரிகளை ஆராய்வோர் பெரும்பாலும் களத்துமேட்டுக்கு வருவதில்லை. கூலியையும் குத்தகையையும் ஆராய்வோர் ஏரிக்கரைக்குச் செல்வதில்லை. ஆயின், நீர் காக்கும் பொறுப்பும் பங்கு பெறும் உரிமையும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்பதையும், ஒன்று தளர்ந்தவிடத்து மற்றொன்றும் நெடுநாள் நில்லாது என்பதையும் இலக்கியம், கல்வெட்டு, அரசு ஆவணம் ஆகியவற்றின் துணைகொண்டு நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சங்கப் புலவர் கண்ட இரு கடமைகள்

புறநானூற்றின் 18-ஆம் பாட்டு, குடபுலவியனார் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிப் பாடியது. உடம்பு உணவால் அமைவது. உணவோ நிலமும் நீரும் கூடிய கூட்டம். ஆதலின் அவ்விரண்டையும் கூட்டுவித்தவரே உடம்பையும் உயிரையும் படைத்தவர் ஆவர் என்பது புலவர் காட்டும் முறைமை. மறுமைச் செல்வமும் இம்மை வெற்றியும் நிலைத்த புகழும் வேண்டும் வேந்தன் செய்யத்தக்கது, பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குதலே என்று அவர் முடிக்கின்றார். போர் வென்ற மன்னனிடம் குளம் வெட்டுக என்று கூறும் இப்பாட்டு, முதல் வினாவிற்குத் தமிழ்ப் புலவர் அளித்த விடையாகும்.

இரண்டாம் வினாவிற்குரிய விடையை வேறு இரு பாடல்களிற் காண்கிறோம். 184-ஆம் பாட்டில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு வரி கொள்ளும் முறையை யானையை வைத்து விளக்குகின்றார். சிறு நிலத்தின் நெல்லையேனும் அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் யானைக்குப் பல நாள் ஆகும். யானை தானே வயலுட் புகுந்தால் நூறு வயலாயினும் அது உண்பதினும் மிதித்து அழிப்பதே மிகும். வேந்தனும் வரம்பின்றிக் கொள்வானாயின் தானும் உண்ணான், நாடும் கெடும் என்பது கருத்து. 35-ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம், படையின் வெற்றியும் உழுபடையால் வந்த வெற்றியே என எடுத்துரைத்துத் தம் நிலத்தின் பழைய வரிக்கடனை நீக்கப் பெற்றார் என அப்பாட்டின் அடிக்குறிப்பால் அறிகிறோம்.

இம்மூன்று பாடல்களும் வேந்தனையே நோக்கியவை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. நீரைத் தேக்குவதும் அவன் கடமை. அளவறிந்து கொள்வதும் அவன் கடமை. ஆனால் வயலில் இறங்கி உழைப்பவன் தன் பங்கை உரிமையாகக் கேட்கும் குரல் இவற்றுள் இல்லை.

3. அமுதசுரபிக்கு வேலையில்லாத நாடு

மணிமேகலைக் காப்பியம் பசியைப் பிணி எனக் கண்டு, அதனைத் தீர்த்தலையே தலையாய அறமாகப் போற்றுவது. அதிற் பலரும் நினைவிற் கொள்வது அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாமையையே. அக்கலத்தின் முன்வரலாறு அதனினும் ஆழமானது. சிந்தாதேவியிடம் கலத்தைப் பெற்ற ஆபுத்திரன் மதுரையில் உண்டி வழங்கி வந்தான். அவன் பால் மாறுபாடு கொண்ட இந்திரன், பன்னிரண்டு ஆண்டு மழை பெறாதிருந்த பாண்டிநாட்டில் மழை பொழியச் செய்தான். நாடு விளைந்தது, இரப்போர் இலராயினர், கலம் பயனற்றுப் போயிற்று. ஏற்பாரைத் தேடிக் கடல் கடக்கப் புறப்பட்ட ஆபுத்திரன், மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, கலத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு உயிர் நீத்தான்.

சாத்தனார் இக்கதையால் உணர்த்துவது யாது? ஈகை பெரிது, எனினும் நீர்வளம் மிக்க நாட்டில் ஈகைக்கு இடமே சுருங்கும். உணவு கொடுக்கும் கலத்தையும் உணவு விளைக்கும் மழையையும் எதிரெதிரே நிறுத்தி, பின்னது வந்தவிடத்து முன்னது ஓய்வு பெறும் என்று காப்பியம் காட்டுகின்றது. ஆனால் மழை பெய்த அளவிலேயே யாவரும் உண்டனர் எனக் கொள்வது காப்பிய உலகிற்குப் பொருந்தும். வரலாற்றில் அவ்வாறு நிகழவில்லை என்பதை இனிக் காண்போம்.

4. ஏரி வாரியமும் அதன் எல்லையும்

முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்குச் சான்றாக யாவராலும் எடுத்துக் காட்டப்படுவன. முப்பது குடும்பாகப் பகுக்கப்பெற்ற அவ்வூரில் ஓலையிட்டுத் தேர்ந்தவருள் அறுவர் ஏரி வாரியப் பெருமக்களாக ஓராண்டு பணி செய்தனர். ஓர் ஏரியைக் காப்பதற்கென்றே ஆண்டுதோறும் மாறும் குழு ஒன்றை அமைத்த ஒழுங்கு வியக்கத்தக்கதே. ஏரியைக் குழிவெட்டித் தூர்வாரப் பொன்னும் நிலமும் அறமாக விடப்பட்டமையைப் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் பல கூறுகின்றன. ஏரியின் பேணுகைக்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது.

எனினும் அவ்வாரியத்தில் இடம் பெறத் தகுதி யாருக்கு இருந்தது? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டியவராய், வேதக் கல்வி உடையவராய் இருத்தல் வேண்டும் எனக் கல்வெட்டு விதிக்கின்றது. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்க்கு அங்கு இடமில்லை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் உழைப்போரின் குடியிருப்பாகிய பறைச்சேரி தோன்றுவது, வரி நீக்கப்பெற்ற நிலங்களின் பட்டியலில். ஊர்நத்தத்தோடும் குளத்தோடும் சுடுகாட்டோடும் சேர்த்து அது எண்ணப்படுகின்றது. நீரைக் காக்கும் ஒழுங்கு சிறந்து நின்ற காலத்திலும் பங்கைக் கேட்கும் உரிமை நிலமுடையார்க்கே இருந்தது என்பது இதனாற் போதரும். உத்தரமேரூரைக் குடியாட்சியின் தொட்டில் என்று புகழ்ந்து அமைவோர் இதனையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

5. களத்துமேட்டில் ஏரிக்கும் ஒரு பங்கு

1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுச் சீமையில் தாமசு பர்னார்டு என்பவர் நடத்திய ஊர்க்கணக்கு ஆய்வு, அரிய செய்திகளைத் தருகின்றது. அதன்வழி, களத்தில் நெல்லை அளந்து பிரிப்பதற்கு முன்னும் பின்னும் பலர்க்குரிய பங்குகள் எடுத்து வைக்கப்பட்டன என்பது தெளிவு. கணக்கர், தலையாரி, கொல்லர், தச்சர், குயவர், வண்ணார், வெட்டியான், நீர் பாய்ச்சுவோர் எனப் பலர் அப்பங்கிற்கு உரியர். கோயிலுக்குப் பங்கு உண்டு. ஏரியின் பேணுகைக்கும் பங்கு உண்டு. ஊரில் விளைவு மிகுந்தால் யாவர் பங்கும் மிகும். குறைந்தால் யாவர் பங்கும் குறையும்.

இம்முறையில் உயர்வு தாழ்வு இல்லாமல் இல்லை. பங்கின் அளவு சாதி வரிசையைப் பின்பற்றியதே. ஊர்க்கு உழைத்தவன் அதனை மாற்றிக் கேட்க இயலாது. ஆயினும் ஒரு நுட்பம் இதில் உண்டு. நீரும் பங்கும் ஒரே களத்தில் ஒரே மரக்காலால் அளக்கப்பட்டன. ஏரி தூர்ந்தால் தன் பங்கு குறையும் என்பதைக் குயவனும் வண்ணானும் அறிவர். ஏரி காக்கும் உழைப்பிற்கு ஊதியமாக நின்றது அக்களத்து நெல்லேயாம்.

6. உழைப்பு மட்டும் கேட்ட சட்டம்

இரயத்துவாரி முறை பரவியபின் அரசு ஒவ்வோர் உழவனிடமும் தனித்தனியே பண வரி கொண்டது. களத்துப் பங்குகள் பல வழக்கொழிந்தன. ஏரிக்கென ஒதுக்கிய வருவாய் அரசின் பொது வருவாயுட் கலந்தது. ஏரிகள் பழுதுற்றன. 1858-இல் இயற்றப்பட்ட சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் இடர்க்காலத்தில் ஊரார் உழைத்தல் வேண்டும் என்றும், வழக்கமான குடிமராமத்து வேலையைச் செய்யத் தவறுவோர் பொருள் செலுத்துதல் வேண்டும் என்றும் விதித்தது. பங்கை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் சட்டத்தாற் கேட்டது அரசு. அது நன்கு நடைபெறாமையில் வியப்பில்லை.

1876-இல் மழை பொய்த்தது. தாது ஆண்டுப் பஞ்சம் என மக்கள் வாயில் நிலைபெற்ற அப்பெருங்கேட்டில் பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என 1880-ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணைக்குழு கணக்கிட்டது. அக்காலத்தும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. இரயில் வழியே நெல் வந்தது. வாங்கக் கையில் காசில்லை. நிவாரண வேலையில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமே போதும் என 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். சென்னை மாகாண நல்வாழ்வு ஆணையர் கார்னிசு, அவ்வளவில் உழைக்கும் உடம்பு நில்லாது என மருத்துவச் சான்றுடன் மறுத்தார். சில மாதங்களிற் கூலி உயர்த்தப்பட்டது. இந்தியப் பஞ்சம் உணவின் பஞ்சம் என்பதினும் வேலையின் பஞ்சமே என்ற உண்மையை ஆணைக்குழுவும் ஏற்றது.

வள்ளுவர் பகுத்துண்ணலைப் பற்றி ஈகை அதிகாரத்தில் மட்டும் கூறி அமையவில்லை. அதனைப் பற்றிய குறள் ஒன்றைக் கொல்லாமை அதிகாரத்திலும் வைத்துள்ளார். அவ்வைப்பு முறையின் பொருள் 1877-இல் விளங்குகின்றது. பங்கு மறுத்தலும் கொலையின்பாற் படும். அப்பஞ்சத்தைப் பொருளாகக் கொண்டு சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளை இயற்றிய பஞ்சலட்சணத் திருமுகவிலாசம், பசித்த மக்களுக்கு மதுரைச் சொக்கநாதரே உதவ இயலாமல் நிலக்கிழவர்க்கு ஓலை எழுதி அனுப்புவதாக அமைந்தது. நகைச்சுவையாக அமைந்த அந்நூல், சோறு யார் கையில் இருந்தது என்பதை எள்ளலோடு காட்டிவிடுகின்றது.

7. பங்கு பெற்றதும் நீர் இழந்ததும்

இருபதாம் நூற்றாண்டு பங்கின் நூற்றாண்டாகும். 1952-இல் தஞ்சைக் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1956-இல் நியாயக் குத்தகைச் சட்டமும் பிறந்தன. ஆயினும் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்டிரும் சிறாரும், குடிசையுள் எரிக்கப்பட்டனர். நீர் நிறைந்த காவிரிப் படுகையிலே, நெல் விளைந்த வயலின் நடுவிலே, ஒரு சிறு அளவு நெல் கூடுதலாகக் கேட்டமைக்கு நேர்ந்த கொடுமை அது. நீர்வளம் மட்டும் அறத்தைக் கொணராது என்பதற்கு இதனினும் கடுஞ்சான்று வேண்டா. 1969-இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

மறுபுறம், 1956-இல் காமராசர் ஆட்சியில் விரிந்த பள்ளி மதிய உணவும், 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 1972-இல் அமைந்த நுகர்பொருள் வாணிபக் கழகமும் உணவுப் பங்கைக் குடிமக்களின் உரிமையாக்கின. 1997-இல் நடுவணரசு மக்களை வறுமைக்கோட்டால் இரண்டாகப் பிரித்தபோதும், 2016-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தமிழகம் இணைந்தபோதும், யாவர்க்கும் பங்கு என்ற நெறி இங்குக் கைவிடப்படவில்லை. அமுதசுரபி நியாயவிலைக் கடையாக நின்றது எனலாம்.

அதே காலத்தில் முதல் வினா மறக்கப்பட்டது. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் உள. 1960-களில் அவற்றாற் பாசனம் பெற்ற நிலம் ஏறத்தாழ 9 இலட்சம் எக்டேர். பின்னர் அது பெரிதும் சுருங்கிற்று. மின்விசையும் ஆழ்துளைக் கிணறும் வந்தபின், வசதியுடையவன் தன் நிலத்தடியிலிருந்தே நீரிறைத்தான். ஏரியைக் காக்க அவன் வரவேண்டிய தேவை இல்லாதாயிற்று. கிணறில்லாச் சிற்றுழவன் தூர்ந்த ஏரியோடு தனித்து நின்றான். நீரின் கேடு இங்ஙனம் மீண்டும் பங்கின் கேடாக முடிந்தது. 2000-இல் பாசன முறைகளை உழவரே மேலாண்மை செய்யும் சட்டமும், 2017-இல் குடிமராமத்து என்ற பழம்பெயரோடு ஒரு திட்டமும் வந்தன. இவை நன்முயற்சிகளே. எனினும் ஏரியில் மண்வெட்டுவோர் வேறு, முடிவு செய்வோர் வேறு என்ற உத்தரமேரூர் எல்லையைக் கடந்தாலன்றி இவை வேரூன்றா.

8. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். சங்கப் புலவர் நீரையும் பங்கையும் வேந்தன் கடமையாகக் கண்டனர். சோழர் காலம் நீர்க்கு நிறுவனம் கண்டது. பங்கை நிலமுடையார்க்கே வைத்தது. செங்கற்பட்டுக் களம் இரண்டையும் இணைத்தது; ஆயின் சாதியால் அளந்தது. அயலாட்சி இரண்டையும் பிரித்தது, பஞ்சம் விளைந்தது. நம் காலம் பங்கை உரிமையாக்கியது, நீரைக் கைவிட்டது.

ஆதலின், நேர்மையும் நிலைபேறும் உடைய உணவு முறை வேண்டுமாயின், களத்தில் ஏரிக்குப் பங்கு மீண்டும் வைக்கப்படுதல் வேண்டும். ஏரி வாரியத்தில் நிலமில்லா உழைப்பாளிக்கும் இடம் அளிக்கப்படுதல் வேண்டும். கல்வெட்டு, ஏடு, ஆட்சி ஆவணம் மூன்றையும் ஒருங்கு வைத்து ஊர்தோறும் ஏரிப்பங்கின் வரலாற்றைத் தொகுப்பது இளம் ஆராய்ச்சியாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அது பழமையை அறியும் முயற்சி மட்டுமன்று. இனி யார் காப்பது, யார் உண்பது என்னும் வினாவிற்கு விடை தேடும் முயற்சியும் ஆகும்.