ராஜி

“பங்காளிகள் கேஸ் ராஜியாகிவிட்டது” என்பது கோர்ட்டு வாசலில் இன்றும் கேட்கும் பேச்சு. வழக்காடியவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள் என்று பொருள். நாள்மீன்களைக் கொண்டு பார்க்கும் ராசிக்கும் இதற்கும் உறவில்லை. அது வடசொல், இது அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. மூலத்தில் ‘மனம் நிறைந்தவர், சம்மதித்தவர்’ என்று பொருள்.

இதோடு, எழுத்தைக் குறிக்கும் ‘நாமா’ என்ற பாரசீகச் சொல் சேர்ந்தால் ராஜிநாமா. வடக்கே அது இன்றும் சமரசப் பத்திரம்தான். நமக்கோ ராஜினாமா என்றால் பதவி விலகல். பழைய பம்பாய் மாகாண வருவாய்த்துறையில் குடியானவர் நிலத்தை விட்டுக்கொடுத்து எழுதியதும் ராஜிநாமாவே. சம்மதம், விட்டுக்கொடுத்தல், விலகல் என்று பொருள் நகர்ந்த தடம் அதில் தெரிகிறது.

சம்மதம் என்ற வேர்ப்பொருளை நான் பெரிதாக மதிக்கிறேன். ஊர்ப் பெரியவர்களோ உறவினர்களோ நெருக்கிக் கையெழுத்து வாங்கினால் அது ராஜியே அல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டமும் ராஜி சட்டத்துக்கு உட்பட்டதாக, எழுத்தில், தரப்பினரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது.

மக்கள் நீதிமன்றத்தில் முடியும் ராஜிக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலு உண்டு. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால், அதன்மீது மேல்முறையீடு கிடையாது. எனவே ஒவ்வொரு வரியையும் படித்து, மனம் ஒப்பினால் மட்டும் கையெழுத்திடுங்கள்.