கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒரு பெயர்: எட்வின் கிளெப்ஸ்

சில மாதங்களுக்கு முன் அப்பாவுக்குக் குளிர் காய்ச்சல். சிறுநீர்த் தொற்றாக இருக்கும் என்று சொல்லி டாக்டர் கல்ச்சருக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. மேலே 'கிளெப்சியெல்லா நிமோனியே' என்று ஒரு பெயர். கீழே ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் நீளமான பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ் அல்லது ஆர். எஸ் என்றால் மருந்து வேலை செய்யும், ஆர் என்றால் செய்யாது. அப்பாவின் பட்டியலில் ஆர் தான் அதிகம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் சாஃப்ட்வேர்காரன் என்ன செய்வான்? போனை எடுத்துத் தேடினேன். நிமோனியா நுரையீரல் சமாச்சாரமாச்சே, அதற்குச் சிறுநீரில் என்ன வேலை என்று பார்க்கத்தான் போனேன். கவனம் பெயரின் முதல் பாதிக்குப் போய்விட்டது. கிளெப்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவரின் நினைவாக வைத்த பெயராம். சரி, இவர்தான் இதைக் கண்டுபிடித்தவர் போல என்று நினைத்தேன். இல்லை!

நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலில் இந்தக் கிருமியைப் பார்த்து 1882ல் விவரித்தவர் கார்ல் ஃப்ரீட்லெண்டர் என்ற இன்னொரு ஜெர்மானியர். அவருடைய பெர்லின் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோதுதான், 1884ல், டென்மார்க்காரர் கிராம் தன் பெயரிலான சாயமுறையை உருவாக்கினார். கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'கிராம் நெகட்டிவ்' என்று வருமே, அந்த கிராம். ஃப்ரீட்லெண்டர் 1887ல், 39 வயதில் இறந்துபோனார். இதற்கிடையே 1885ல் இத்தாலிய ஆய்வாளர் ட்ரெவிசான் இந்தப் பேரினத்துக்கு கிளெப்ஸின் பெயரைச் சூட்டிவிட்டார், ஒரு முன்னோடிக்குச் செய்த மரியாதையாக.

அப்படி என்ன செய்துவிட்டார் இந்த கிளெப்ஸ்? அப்பா தூங்கிய இரவுகளில் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

எட்வின் கிளெப்ஸ் 1834ல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தவர். அந்த ஊர் இன்று கலினின்கிராட் என்ற பெயரில் ரஷ்யாவில் இருக்கிறது. அன்றைய மருத்துவ உலகின் பெரிய தலை ருடால்ஃப் விர்ஹோவிடம் படித்து, 1861 முதல் 1866 வரை பெர்லினில் அவருக்கே உதவியாளராக இருந்தார். நோய் என்பது உடலின் செல்களில் நடக்கும் கோளாறு என்பது விர்ஹோவின் கோட்பாடு. சீடருக்கோ வேறு சந்தேகம். செல் தானாகக் கெட்டுப்போகிறதா, வெளியிலிருந்து ஏதாவது வந்து கெடுக்கிறதா?

1866ல் பெர்ன் நகரில் பேராசிரியர் ஆனார். 1870ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. கார்ல்ஸ்ரூஹே ராணுவ மருத்துவமனையில் அவருக்கு வேலை. குண்டடிபட்ட சிப்பாய்கள் பலர் காயத்தால் சாகவில்லை, காயம் சீழ் பிடித்து, அது உடம்பெல்லாம் பரவிச் செத்தார்கள். கிளெப்ஸ் அவர்களைப் பிரேதப் பரிசோதனை செய்தார். காயத்தின் சீழில் பார்த்த அதே நுண்ணுயிர்களை உள்ளுறுப்புகளின் சீழ்க்கட்டிகளிலும் பார்த்தார். 'மைக்ரோஸ்போரான் செப்டிகம்' என்று பெயர் வைத்து 1872ல் புத்தகமாகவே வெளியிட்டார். அவர் ஒரே உயிர் என்று நினைத்தது உண்மையில் பல வகைக் கிருமிகளின் கலவை. ஆனால், காயத்தில் நுழைவது உள்ளே பயணம் செய்து கொல்கிறது என்ற அடிப்படை சரி.

அதே சமயம் பெர்னில் அவருடைய உதவியாளர்கள் ஒரு அழகான சோதனை செய்தார்கள். ஆந்த்ராக்ஸ் கிருமி உள்ள திரவத்தைச் சுட்ட களிமண் சுவர் வழியாக வடிகட்டினார்கள். மேலே தங்கிய வண்டல் நோயை உண்டாக்கியது, கீழே இறங்கிய தெளிவு உண்டாக்கவில்லை. அப்படியானால் நோய்க்குக் காரணம் திரவத்தில் கரைந்த ஏதோ விஷம் இல்லை, சுவரில் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு உருவம் உள்ள ஒன்று. எங்கள் தொழிலில் பாதி கோடை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்போமே, அதே புத்திதான்.

1870களிலேயே கிளெப்ஸ் ஒரு வேலைத்திட்டமும் வகுத்தார். முதலில் நோயுற்ற உறுப்பில் கிருமியைப் பார். அதை உடலுக்கு வெளியே பிரித்து வளர். வளர்த்ததை விலங்குக்குச் செலுத்தி அதே நோய் வருகிறதா பார். மருத்துவம் படித்தவர்கள் உடனே 'கோக்கின் விதிகள்' என்பார்கள். ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தது 1882ல். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இந்தப் படிகள் கிளெப்ஸிடம் இருந்தன.

பிறகு ஏன் புகழெல்லாம் கோக்குக்குப் போனது? நான் புரிந்துகொண்ட வரையில், இரண்டாவது படியில்தான் கிளெப்ஸ் வழுக்கினார். அவர் கிருமிகளைத் திரவத்தில் வளர்த்தார். ஒரு குடுவையிலிருந்து ஒரு துளி அடுத்ததற்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு. இப்படியே மாற்றினால் கடைசியில் ஒரே வகை மிஞ்சும் என்று நம்பினார். திரவத்தில் எல்லாம் கலந்து நீந்தும், மிஞ்சியது எது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? கோக் 1881ல் ஜெலட்டின் மாதிரி உறைந்த பரப்பில் வளர்த்துக் காட்டினார். ஒவ்வொரு கிருமியும் விழுந்த இடத்திலேயே பெருகித் தனித்தனிப் புள்ளியாக நிற்கும். அடுத்து வந்தது அகர் அகர், ரம்ஜான் மாதத்தில் இனிப்பு செய்வார்களே, அந்தக் கடல்பாசி! அப்பாவின் கிருமியையும் இப்படிப்பட்ட ஒரு தட்டில்தான் வளர்த்திருப்பார்கள்.

இதன் விளைவு இரண்டு நோய்களில் தெளிவாகத் தெரியும்.

ஒன்று மலேரியா. 1879ல் கிளெப்ஸும் இத்தாலியர் தொம்மாசி-க்ருதேலியும் ரோம் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் ஆராய்ந்து, 'பாசில்லஸ் மலேரியே'தான் காரணம் என்று அறிவித்தார்கள். முயலுக்குச் செலுத்தினார்கள், காய்ச்சல் வந்தது, மண்ணீரல் வீங்கியது. போதாதா? போதவில்லை. அடுத்த வருடமே அல்ஜீரியாவில் லவெரான் நோயாளியின் ரத்தத்தில் உண்மையான ஒட்டுண்ணியைப் பார்த்தார். அது பாக்டீரியாவே இல்லை. இருந்தும் பாசில்லஸ் கதை சில வருடங்கள் மவுசோடு உலவியது.

இன்னொன்று டிஃப்தீரியா, அதாவது தொண்டை அடைப்பான். குழந்தைகளின் தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் வளர்ந்து மூச்சை அடைக்கும். 1883ல் கிளெப்ஸ் அந்தப் படலத்தில் ஒரு குச்சி வடிவக் கிருமியை அடையாளம் காட்டினார். இந்த முறை சரியாகவே பார்த்திருந்தார். ஆனால் தனியாகப் பிரிக்கவில்லை. கோக்கின் சீடர் லோஃப்ளர் 1884ல் அதைத் தூய்மையாக வளர்த்து, விலங்குகளில் சோதித்தார். கிருமி தொண்டையோடு நின்றுவிடுகிறது, சேதமோ உள்ளுறுப்புகளில் இருக்கிறது, ஆகவே அது ஏதோ விஷத்தைச் சுரக்கிறது என்றும் ஊகித்தார். 1888ல் பாரிஸில் ரூவும் யெர்சினும் அந்த விஷத்தைப் பிரித்துக் காட்டினார்கள். 1890ல் பெர்லினில் பெரிங்கும் கிடாசாட்டோவும் முறிவு மருந்துக்கு வழி கண்டார்கள். 1901ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெரிங்குக்குப் போனது. நம் குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பு ஊசியில் ஒன்று இந்த நோய்க்குத்தான்.

எங்கள் மொழியில் சொன்னால், கிளெப்ஸ் எழுதியது நல்ல பக் ரிப்போர்ட். லோஃப்ளர்தான் பக்கை மறுபடி மறுபடி வரவழைத்துக் காட்டினார். மலேரியா விஷயத்தில் கிளெப்ஸ் தப்பான லைனைக் கைகாட்டி டிக்கெட்டை மூடிவிட்டார். நானே அப்படி மூடியிருக்கிறேன், அதனால் சிரிக்கவும் மனசு வரவில்லை.

அவசரம் அவருடைய குறை என்று எழுதிவிடலாம். எல்லா பாக்டீரியாவும் நோய் தருபவை, எல்லா நோய்க்கும் பாக்டீரியாதான் காரணம் என்றெல்லாம் அடித்துப் பேசியவர்தான். இரண்டுமே தப்பு. ஆனால் வெவ்வேறு நோயைத் தரும் கிருமிகள் தாமும் வெவ்வேறானவை என்றும் அவரே சொன்னார். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் இன்றைய கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே கிடையாது.

மனிதர் ஓர் ஊரில் நிலைத்ததும் இல்லை. பெர்ன், வூர்ட்ஸ்புர்க், பிராக், சூரிச், கடல் தாண்டி சிகாகோ, மறுபடி ஐரோப்பா என்று அலைந்து 1913ல் பெர்னிலேயே இறந்தார். டிஃப்தீரியா கிருமிக்கு 'கிளெப்ஸ்-லோஃப்ளர் பாசில்லஸ்' என்ற பெயர் வெகுகாலம் இருந்தது. அறிவியல் பெயர் மாறிவிட்டாலும் நம் ஊர் லேப்களில் தொண்டைச் சளிப் பரிசோதனையை இன்றும் 'கே.எல்.பி.' என்று கேட்பதுண்டு. அதில் 'கே' இவர்தான். கண்டுபிடித்ததில் ஓர் எழுத்து, கண்டுபிடிக்காததில் முழுப்பெயர்!

அப்பாவின் பட்டியலில் எஸ் என்றிருந்த இரண்டு மூன்று மருந்துகளில் ஒன்றை ஏற்றினார்கள். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. எழுந்து உட்கார்ந்ததும் கேட்டார், "ராத்திரியெல்லாம் போன்ல என்னடா படிச்சிட்டு இருந்தே?"

"உங்க ரிப்போர்ட்ல ஒருத்தர் பேர் இருக்குப்பா. அவரைப் பத்தி."

"டாக்டரா?"

"ஆமா. உங்களுக்கு வந்த கிருமியை அவர் கண்டுபிடிக்கல. ஆனா அதை எப்படிக் கண்டுபிடிக்கணும்னு சொன்னவர்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்ப சரிதான், பேர் வெச்சது" என்றார்.