திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தில் சமூக ஒழுங்கின்மையும் பிறழ்நடத்தையும்

ஒரு சமூகம் தன் உறுப்பினர்களிடம் எதிர்பார்க்கும் நெறிகளை மீறும் செயலைச் சமூகவியல் பிறழ்நடத்தை என்கிறது. அந்த நெறிகளே பிடி தளர்ந்து, எது செய்யத்தக்கது, எது தகாதது என்பதில் பொது உடன்பாடு குலைந்துபோகும் நிலை சமூக ஒழுங்கின்மை. திருட்டும் கொலையும் மட்டுமே இதில் அடங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தற்கொலை, குடிநோய், சாதி மீறிய திருமணம், வேலைநிறுத்தம், சாலைமறியல் எல்லாமே ஏதோவொரு தரப்பின் கண்ணுக்குப் பிறழ்வாகத் தெரிந்திருக்கின்றன. நொய்யல் கரையில் நெசவும் பருத்தி வணிகமும் செய்துவந்த சிற்றூர் ஒன்று, இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் கையாளும் நகரமாக வளர்ந்த வரலாறு இந்தக் கருத்துகளைச் சோதித்துப் பார்க்க ஏற்றது. அந்த வரலாறு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது: பிறழ்வு என்ற முத்திரை, செயல் விளைவித்த தீங்கின் அளவைப் பார்த்து விழுவதில்லை; செய்தவரின் சமூக வலுவைப் பார்த்தே விழுகிறது. திருப்பூரில் ஆண்டுக்கணக்கில் பெருந்தீங்கு விளைவித்தவை தொழில் வழக்கமாகக் கருதப்பட்டன. வலுவற்றவர்களின் சிறு பூசல்களோ ஊரின் ஒழுங்கையே குலைக்கும் ஆபத்தாகப் பேசப்பட்டன.

நகரம் வளர்ந்த வேகத்திலிருந்து தொடங்கலாம். திருப்பூர் நகரத் தொகுப்பின் மக்கள்தொகை 2001 கணக்கெடுப்பில் சுமார் 5.5 லட்சம், 2011-இல் சுமார் 9.6 லட்சம். 2009-இல் அது தனி மாவட்டத்தின் தலைநகரானது. முதலில் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்தும், பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம் பக்கங்களிலிருந்தும், அண்மைக் காலத்தில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை என்று அமைந்த லைன் வீடுகளில் குடியேறினார்கள். இப்படிப்பட்ட நகரங்களைப் பற்றி 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிகாகோ சமூகவியலாளர்கள் முன்வைத்த விளக்கம் இன்றும் செல்வாக்குடையது. குடிபெயர்வும் வறுமையும் ஆள்மாற்றமும் கூடிய பகுதிகளில் அக்கம்பக்கத்தாரின் கண்காணிப்பு தளரும், குற்றம் பெருகும் என்றார்கள் அவர்கள். ஆனால் 1942-இல் வெளிவந்த ஷா, மெக்கே இருவரின் ஆய்வில், அந்த விளக்கத்தை எடுத்தாளுவோர் மறந்துவிடும் ஒரு முடிவு உண்டு. சிகாகோவின் ஒரு பகுதியில் ஓர் இனத்தார் வெளியேறி வேறோர் இனத்தார் வந்த பிறகும் இளங்குற்றத்தின் அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. வெளியேறியவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் அது குறைந்தது. காரணம் ஆட்களின் இயல்பில் இல்லை, அவர்கள் வாழ நேர்ந்த நிலைமையில் இருந்தது. திருப்பூரில் யார் வந்து குடியேறினாலும் அந்த நேரத்தின் புதியவரையே குறைசொல்லும் பழக்கத்துக்கு இதைவிட நேரான மறுப்பு இல்லை.

நிலைமை என்பது இங்கே வேலை அமைக்கப்பட்ட முறைதான். பஞ்சப்படி கேட்டு 1984-இல் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பின் தொழில் மேலும் மேலும் சிறு அலகுகளாகப் பிரிந்தது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங்கும் தையலும் வேறிடம் என்று ஜாப் ஒர்க்காகச் சிதறிய வேலையைக் காண்ட்ராக்டர்கள் எடுத்தார்கள். பவர் டேபிள் டெய்லருக்குப் பீஸ் ரேட், செக்கிங் பெண்ணுக்கும் கைமடி எனப்படும் உதவியாளுக்கும் ஷிப்ட் கணக்கு, எல்லோருக்கும் சனிக்கிழமைச் சம்பளம். கப்பல் தேதி நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம். ஆர்டர் இல்லையென்றால் வேலையே இல்லை. ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட ஆய்வு, கொங்கு வேளாளக் கவுண்டர் சமூகத்தைச் சேர்ந்த பலர் தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியான பாதையையும், தங்கள் உயர்வுக்கு உழைப்பையே அவர்கள் காரணமாகச் சொல்வதையும் விரிவாக எழுதியது. உழைத்தால் எவரும் முதலாளி ஆகலாம் என்ற நம்பிக்கை ஊர் முழுக்கப் பரவியது. அந்தப் பாதையில் ஏற உதவிய நிலமும் உறவும் கடன்வசதியும் அப்படிப் பரவவில்லை. எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டிவிட்டு, அடையும் வழியைச் சிலருக்கு மட்டும் திறந்துவைக்கும் சமூகத்தில் பிறழ்வு பெருகும் என்று ராபர்ட் மெர்ட்டன் 1938-இல் எழுதியது இந்த இடைவெளியைத்தான்.

அந்த இடைவெளியின் மிகத் துயரமான அடையாளம் தற்கொலை. 2009, 2010 ஆண்டுகளில் திருப்பூரில் நிகழ்ந்த தற்கொலைகள் நாடு தழுவிய செய்தியாயின. குடியும் குடும்பச் சண்டையும் கடனும் காரணங்கள் என்று காவல் நிலையப் பதிவுகளின் வழியில் பேசப்பட்டது. எமில் துர்கைம் 1897-இல் தற்கொலையை ஆராய்ந்தபோது, தனிமனிதக் காரணங்கள் எவ்வளவு உண்மையானாலும் ஓர் ஊரின் விகிதத்தை அவற்றால் விளக்க முடியாது என்றார். பொருளாதாரம் சரியும்போது மட்டுமல்ல, திடீரென ஏறும்போதும் ஆசைக்கு அளவு சொல்லும் நெறிகள் அற்றுப்போய்த் தற்கொலை கூடுகிறது என்பது அவர் கண்டது. வளரும் நகரத்தில் ஏன் இத்தனை சாவு என்ற கேள்விக்கு அங்கே ஒரு விடை உண்டு. உறவினர் வேறு மாவட்டத்தில், வருமானம் வாரத்துக்கு வாரம் மாறும், அடுத்த அறைக்காரர் மாதத்துக்கு மாதம் மாறுவார்: இந்த வாழ்வில் இடிந்துபோகிறவரைத் தாங்கிப்பிடிக்க ஆளில்லை. அந்தச் சாவுகளைத் தொழிலாளியின் மனபலமின்மையாகக் காட்டிய பேச்சு அநீதியானது.

இனி, தொழில் வழக்கம் என்று கடந்துபோகப்பட்டவற்றைப் பார்ப்போம். முதலாவது நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் இந்த ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் பாசனத்துக்காக அணை கட்டி முடிக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் ஏற்றுமதி பெருகி, சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் எழுந்தன. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும். துணியில் ஒட்டாத சாயமும் உப்பும் நேரே ஆற்றுக்குப் போயின. அணையில் தேங்கியது சாயக்கழிவு. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டப்பட்டதோ, அவர்களே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று போராடும் நிலை வந்தது. கிணற்று நீர் உப்பேறியது, பயிர் கருகியது, நிலம் தரிசானது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கழிவுநீரை அறவே வெளியேற்றக் கூடாது என்று கெடு விதித்தது. அதுவரை வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 பைசா, பிறகு 8 பைசா, பிறகு 10 பைசா என்று அபராதம் நிர்ணயித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. இழப்பீட்டை மதிப்பிட அமைந்த ஆணையம் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு 24 கோடி ரூபாய்க்கு மேல் வழங்கச் சொல்லியிருந்தது. அவ்வளவுக்குப் பிறகும் கழிவு ஓடியது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்ட பிறகே ஓட்டம் நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலத்தையும் குடிநீரையும் அழித்த செயலைச் செய்தவர்களை அந்த ஆண்டுகளில் ஊரில் யாரும் குற்றவாளிகள் என்று பேசவில்லை. பூட்டை உடைத்து ஒரு பண்டல் துணி எடுத்தவனுக்கு அந்தப் பெயர் ஒரே இரவில் கிடைத்திருக்கும்.

இதற்கு முதலாளிகள் தரப்பில் வலுவான மறுப்பு உண்டு. அதை அலட்சியப்படுத்த முடியாது. பட்டறைகள் லட்சக்கணக்கானோருக்குச் சோறு போட்டன. சாயநீரை முழுதும் மீட்டெடுக்கும் தொழில்நுட்பம் அன்று விலையுயர்ந்தது, முதிராதது. வாங்குகிற வெளிநாட்டு நிறுவனம் ஒரு சட்டைக்குக் கொடுக்கும் விலையில் அந்தச் செலவுக்கு இடமில்லை. பலர் பணம் போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டவும் செய்தார்கள். இவை எல்லாம் உண்மை. ஆனால் இவை காட்டுவது, செயல் நெறிப்படி நடந்தது என்பதையல்ல; அழுத்தத்தின் கீழ் நடந்தது என்பதையே. பசியால் திருடியவனுக்கும் அழுத்தம் உண்டு. அவனுக்கு அதைச் சொல்லிப் பெயர்கெடாமல் தப்ப வழியில்லை. எட்வின் சதர்லண்டு 1949-இல் அமெரிக்கப் பெருநிறுவனங்களின் சட்டமீறல்களைத் தொகுத்து இதைத்தான் வாதிட்டார்: மதிப்புள்ளவர்களின் மீறல்கள் தனி ஆணையங்களுக்கும் அபராதங்களுக்கும் போகின்றன, அதனால் குற்றக் கணக்கில் ஏறுவதில்லை, அதனால் குற்றம் ஏழைகளின் குணம் என்ற முடிவு வந்துசேர்கிறது. லிட்டருக்கு 10 பைசா என்ற கணக்கு அவர் சொன்னதற்கு அப்படியே பொருந்துகிறது.

இரண்டாவது, சுமங்கலித் திட்டம். திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகள் பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டு வேலைக்கு எடுத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கென மொத்தத் தொகை தருவதாகச் சொல்லின. ஆலை வளாகத்திலேயே விடுதி. வெளியே போக அனுமதி அரிது. இடையில் நின்றால் தொகை கிடைக்காது. தொழிற்பழகுநர் என்ற பெயரில் குறைந்த கூலி. 2011-இல் நெதர்லாந்தின் சோமோ அமைப்பும் இந்தியக் குழு என்ற அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைக்குப் பின்பே ஐரோப்பியக் கடைகள் விழித்தன. பெற்றோர் விரும்பித்தானே அனுப்பினார்கள் என்பது வழக்கமான பதில். வரதட்சணையை 1961-இலேயே சட்டம் தடைசெய்துவிட்டது, கொத்தடிமை முறையை 1976-இல் ஒழித்தது. தடைசெய்யப்பட்ட ஒரு கட்டாயத்தைக் காட்டி, தடைசெய்யப்பட்ட இன்னொன்றை நெருங்கும் ஏற்பாட்டுக்கு மங்கலமான பெயர் சூட்ட முடிந்தது. அந்த வளாகச் சுவரைத் தாண்டி ஓடிவந்த பெண்ணே ஊர்ப்பேச்சில் நெறி தவறியவளானாள்.

இவற்றோடு 2023-ஐ ஒப்பிட வேண்டும். அந்த ஜனவரி இறுதியில், வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர்க்காரர்களைத் துரத்துவதாக ஒரு திருப்பூர் வீடியோ பரவி, ஒரு கம்பெனி அருகே நடந்த கைகலப்பு இனமோதலாகப் பேசப்பட்டது. மார்ச் தொடக்கத்தில் அதன் எதிர்த்திசையில் பெரிய அலை எழுந்தது: தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டுக் கொல்லப்படுகிறார்கள் என்று. பரவிய காட்சிகளில் ஒன்று பீகார்த் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள் நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று மாநிலக் காவல்துறை விளக்கியது. பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூர் வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது. ஸ்டான்லி கோஹன் 1972-இல் விவரித்த ஒழுக்கப் பீதியின் எல்லா உறுப்புகளும் இதில் இருந்தன: எளிதில் அடையாளம் காணத்தக்க ஒரு கூட்டம், மிகைப்படுத்தும் ஊடகம், கண்டிக்கும் அரசியல், உடனடி நடவடிக்கை கோரும் பொதுமக்கள். முதல் வதந்தியில் புலம்பெயர்ந்தவன் அச்சுறுத்துபவன், இரண்டாவதில் பலியாள். இரண்டிலும் ஓவர்லாக் மிஷின் முன் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியின் கூலியோ இருப்பிடமோ பேச்சில் வரவில்லை.

இங்கே கடுமையான ஓர் ஆட்சேபம் எழும். முத்திரை குத்துவதுதான் பிறழ்வை உருவாக்குகிறது என்று 1963-இல் ஹோவர்டு பெக்கர் எழுதியதை முழுக்க ஏற்றால், தீங்கே இல்லை, பார்வைதான் உண்டு என்றாகிவிடாதா? வழிப்பறிக்கு ஆளானவரிடம் அது சமூகக் கட்டமைப்பு என்று சொல்ல முடியுமா? முடியாது, சொல்லவும் கூடாது. இதே மாவட்டத்தின் உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று, சாதி மீறி மணம் செய்த தலித் மாணவர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மனைவியும் வெட்டுப்பட்டார். கொன்றவர்கள் பக்கத்து நெறியில் அந்தத் திருமணமே பிறழ்வு. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் ஐவருக்கு ஆயுளாகக் குறைத்து, பெண்ணின் தந்தையை விடுவித்தது. இரண்டு நெறிகளும் சமம் என்று சொல்லும் சமூகவியல் எதற்கும் உதவாது. முத்திரையை ஆராய்வது தீங்கை மறுப்பதற்காக அல்ல. தீங்கைத் தனியே, பாதிக்கப்பட்ட உடலையும் நிலத்தையும் வைத்து அளந்துவிட்டு, பிறகு முத்திரை எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால்தான் இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியும்.

அந்தத் தூரம் அரசின் கையாலும் உண்டாகிறது. நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்றச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின், கடைகள் ஊர்களுக்குள் இடம்பெயர்ந்தபோது, 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் சாலையில் அமர்ந்து மறித்தார்கள். தடியடி நடந்தது, காவல்துறை உயரதிகாரி ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்த காட்சி மாநிலம் முழுக்க ஓடியது. சட்டம் ஒழுங்கு என்ற தலைப்பில் பதிவானது பெண்களின் மறியல். வாரச் சம்பளத்தை வீட்டுக்கு வரும் முன்பே விழுங்கும் கடை அரசின் வருவாய்க் கணக்கில் இருந்தது.

முத்திரை இடம்பெயரக் கூடியது என்பதற்கும் இந்த வட்டாரமே சான்று. 2011-க்குப் பின் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் உப்பையும் நீரையும் மீட்டெடுக்கத் தொடங்கின. முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட கழிவுநீர் வெளியேற்றாமையை இன்று ஏற்றுமதியாளர்களே தங்கள் சிறப்பாக வெளிநாட்டு வணிகர்களிடம் எடுத்துச்சொல்கிறார்கள். நீதிமன்றம் மூடச் சொன்ன அந்த ஒரு நாள்வரை வழக்கமாக இருந்தது, அதன்பின் மீறலாயிற்று. இப்போது இரவில் திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடும் பட்டறையை மற்றப் பட்டறைக்காரர்களே கண்டிக்கிறார்கள். முத்திரையை அப்படி நகரவைத்த ஆயக்கட்டு விவசாயிகளுக்கு நிலப்பட்டாவும் சங்கமும் வழக்கறிஞரும் வாய்த்திருந்தன. ஆலை விடுதிப் பெண்களுக்கும் லைன் வீட்டு வடமாநிலத் தொழிலாளிக்கும் அவை மூன்றும் இன்னும் வாய்க்கவில்லை. அவர்கள் படும் தீங்குகளில் பெரும்பகுதி இன்றும் தொழில் வழக்கம் என்றே நடக்கிறது.